மழைக்கு முன் எழுத வேண்டிய பெயர்ப்பட்டியல்

ஐப்பசி பிறந்ததும், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளது என்னும் செய்தி ஆண்டுதோறும் நம் செவிக்கு எட்டுகிறது. அதைக் கேட்டவுடன் மீனவர் படகுகளைக் கரையேற்றுகின்றனர். உழவர் வயலின் வடிகாலைத் திறந்துவிடுகின்றனர். வீட்டிலுள்ளோர் அரிசியும் மெழுகுவத்தியும் இருப்பில் உள்ளனவா என்று பார்க்கின்றனர். இது தலைமுறை தலைமுறையாக நம் கடலோர மக்கள் கற்றறிந்த ஆயத்தம். ஆனால் வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும், நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும், வீட்டில் ஆக்சிஜன் கருவியின் துணையோடு மூச்சு விடுபவருக்கும் இந்த ஆயத்தம் மட்டும் போதாது. அவர்களுக்குப் புயல் என்பது கூரையைப் பற்றிய கவலையோடு நிற்பதன்று. அடுத்த சிகிச்சை எங்கே, எப்போது, யார் துணையோடு என்பதே அவர்களின் பெருங்கவலை.

அக்கவலையைத் தீர்க்கும் வழி ஒன்றை இவ்விதழில் பாடமாகத் தருகிறோம். பேரிடரின்போது ஒரு நோயாளியை அவருடைய குடும்பம் மட்டும் காத்துவிட முடியாது. மருத்துவமனை மட்டுமாகவும் காத்துவிட முடியாது. அவர் வாழும் ஊரின் அமைப்புகள், மழை தொடங்குமுன்பே அவருடைய பெயரையும் தேவையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கஜா கற்பித்த பாடம்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பல சிற்றூர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

அன்று எங்கள் பிரிவில் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்களுள் பெரும்பாலோர் வர இயலவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வந்துகொண்டிருந்த ஓர் அம்மையாரைத் திங்கள் மாலை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தனர். கைகால்கள் தளர்ந்திருந்தன, மூச்சு வாங்கியது. இதயத் துடிப்பின் வரைபடத்தைக் கண்டதுமே இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருப்பது எங்களுக்கு விளங்கிற்று. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, குடிநீர் இல்லை. தோப்பில் விழுந்து கிடந்த இளநீரையே வீட்டார் அனைவரும் மூன்று நாட்கள் குடித்திருந்தனர். நலமாக உள்ளவர்க்கு இளநீர் அமுதம். சிறுநீரகம் செயலிழந்தவர்க்கோ அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். உரிய நேரத்தில் வந்ததனால் அந்த அம்மையார் பிழைத்தார்.

அதே வாரத்தில் வேறொருவரை நாங்கள் இழந்தோம். அவருடைய வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிவாரண முகாம் ஒன்று இயங்கியது. சனிக்கிழமையே அங்கு மருத்துவக் குழு வாகனத்தோடு வந்து போயிருக்கிறது. இப்படியொருவர் அருகில் இருக்கிறார் என்பது முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியாது. வாகனம் வந்தது அவர் வீட்டாருக்குத் தெரியாது. எங்கள் பதிவேட்டில் அவருடைய கைபேசி எண் இருந்தது. ஆனால் கோபுரங்கள் செயலற்றுப்போயிருந்தன. அவ்வூரில் வேறு யாரைத் தொடர்புகொள்வது என்பதை நாங்கள் ஒருநாளும் கேட்டு எழுதி வைத்திருக்கவில்லை. அக்குறை எங்களுடையது. மருந்தும் வாகனமும் மனிதர்களும் இருந்தும், ஒரு பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் ஓர் உயிர் போயிற்று. இப்பாடத்தை நாங்கள் எழுதத் தூண்டியது அந்நிகழ்வே.

மருத்துவமனை மட்டும் ஏன் போதாது?

ஒரு முறை டயாலிசிஸ் செய்வதற்கு நான்கு மணி நேரம் ஆகிறது. அந்நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர் தூய்மையாக்கப்பட்ட நீர் கருவியின் வழியே பாய்கிறது. அந்நீரைப் பெற அதைவிடக் கூடுதலான நீர் வேண்டும். கருவியும் நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரமும் இயங்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். செவிலியரும் தொழில்நுட்பரும் தத்தம் வீடுகளிலிருந்து வந்து சேர வேண்டும். இவையனைத்தும் அமைந்தாலும் நோயாளி வருவதற்குச் சாலை திறந்திருக்க வேண்டும்.

இவற்றுள் கருவியும் மருத்துவரும் மட்டுமே மருத்துவமனையின் கையில் உள்ளவை. சாலையில் விழுந்த மரத்தை அகற்றுவது ஊர் இளைஞர். தண்ணீர் லாரியை அனுப்புவது உள்ளாட்சி. கம்பத்தை நிமிர்த்துவது மின்வாரிய ஊழியர். நோயாளியைத் தோளில் தாங்கி மேட்டுக்குக் கொண்டுவருவது பக்கத்து வீட்டுக்காரர். சிகிச்சை என்னும் சங்கிலியின் பெரும்பாலான கண்ணிகள் மருத்துவமனைக்கு வெளியே இருக்கின்றன.

பிற நாட்டு அனுபவம்

இதை மற்றவர்களும் துன்பப்பட்டே கற்றனர். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியைக் கத்ரீனா புயல் தாக்கியபோது டயாலிசிஸ் மையங்கள் பல மூடப்பட்டன. நோயாளிகள் வெவ்வேறு மாநிலங்களுக்குச் சிதறினர். யார் எங்கே இருக்கிறார் என்பதும், அவருக்கு என்ன முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பதும் புதிய இடத்து மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. அதன் பின்னர், நோயாளிகளின் சங்கங்கள், டயாலிசிஸ் மையங்கள், மருத்துவர்கள், அரசுத் துறைகள் ஆகியோர் ஒன்றுகூடிச் சிறுநீரக நோயாளிகளுக்கெனத் தனியே ஓர் அவசரகாலக் கூட்டமைப்பை உருவாக்கினர்.

2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளை நெருங்கியபோது, அங்கிருந்த பல மையங்கள் நோயாளிகளை முறைநாளுக்கு முன்னதாகவே வரவழைத்து டயாலிசிஸ் செய்து அனுப்பின. பின்னர் ஆராய்ந்தபோது, அவ்வாறு முன்னதாகச் சிகிச்சை பெற்றவர்களிடையே அவசரப் பிரிவுக்கு வருவதும், மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும், அடுத்த 30 நாட்களில் இறப்பதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தமை தெரிந்தது. எவருக்கும் புதிய மருந்து தரப்படவில்லை. உரியவரை உரிய நாளில் அழைத்துவர முடிந்தது, அவ்வளவே.

நம் ஊரில் யார் யார் இருக்கின்றனர்?

நம்மிடையே இத்தகைய அமைப்புகள் இல்லையே என்று எண்ண வேண்டா. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நினைவுகூர்வோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட விரைவு இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோயிற்று. மீட்புப் படையினர் வந்து சேருமுன், அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர். முதலில் வந்து சேரும் உதவி பக்கத்து ஊரிலிருந்தே வருகிறது. அந்த உதவும் கைகளுக்கு, தம்மிடையே உள்ள நோயாளியின் தனித்தேவையையும் தெரிவித்து வைப்பதே நாம் செய்ய வேண்டியது.

ஒவ்வோர் அமைப்பும் என்ன செய்ய இயலும் என்பதைக் காண்போம்.

கிராம ஊராட்சியும் கிராம நிர்வாக அலுவலரும்: எச்சரிக்கை வந்ததும் தாழ்வான பகுதி மக்களைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றுவது இவர்களின் பொறுப்பு. முதல் வாகனத்தில் யாரை ஏற்ற வேண்டும் என்பதை இவர்களே முடிவு செய்கின்றனர். ஆகவே பட்டியலின் முதற்படி இவர்களிடம் இருத்தல் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதாரச் செவிலியரும்: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரைகள் வருகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோர்க்கான திரவப் பைகளும் இத்திட்டத்தில் அடங்கும். எனவே நமக்கு வேண்டிய பட்டியலில் பாதி அத்தன்னார்வலர்களின் குறிப்பேட்டில் ஏற்கெனவே உள்ளது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள்: எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்த வீட்டில் முதியவர் தனித்து வாழ்கிறார் என்பதைத் தெருவளவில் அறிந்தவர்கள் இவர்களே. முகாம்களில் சமையற் பொறுப்பும் பெரும்பாலும் இவர்களிடமே வருகிறது.

இளைஞர் மன்றங்களும் மீனவர் பஞ்சாயத்துகளும்: மரம் அறுக்கும் வாள், கயிறு, டிராக்டர், படகு ஆகியன இவர்களிடம் உண்டு. நோயாளியின் வீட்டிலிருந்து பிரதான சாலை வரையிலான வழியை முதலில் திறக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே இவர்களோடு பேசி வைக்கலாம்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், திருமண மண்டபம்: உயரமான கட்டடமும், பெரிய சமையற்கூடமும், ஜெனரேட்டரும் இருக்கும் இடங்கள் இவை. ஆக்சிஜன் கருவிக்கு மின் இணைப்பும், இன்சுலினுக்குக் குளிர்ச்சியான இடமும் இங்கே கிடைக்கக்கூடும்.

மருந்துக் கடைகள்: வழக்கமாக வாங்கும் மருந்துகளின் விவரம் கடைக்காரரிடம் இருந்தால், சீட்டு நனைந்துபோனாலும் மருந்தை அறிய வழியுண்டு.

பட்டியலில் எழுத வேண்டியவை

பட்டியல் நீளமாக இருத்தல் கூடாது. ஒருவருக்கு ஆறு செய்திகள் போதும்: பெயரும் வயதும், வீட்டு அடையாளம், தேவைப்படும் சிகிச்சையும் அதன் முறைநாட்களும், அச்சிகிச்சை இல்லாமல் எத்தனை நாள் தாங்கக்கூடும் என்று மருத்துவர் குறித்த அளவு, நடக்க இயலுமா, தூக்கிவர வேண்டுமா என்பது, குடும்பத்தாரின் எண்ணோடு, வேறு தெருவில் வாழும் ஒருவரின் பெயரும் வீடும். இறுதிச் செய்தி மிக முக்கியமானது. கைபேசி இயங்காத நாளில் ஒருவர் நேரில் சென்று கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

இப்பட்டியலைத் தாளில் எழுதி மூன்று படிகள் வைத்தல் நலம். ஒன்று ஊராட்சியில், ஒன்று சுகாதாரச் செவிலியரிடம், ஒன்று மருத்துவமனையில் இருக்கட்டும். கணினியிலும் கைபேசியிலும் மட்டும் வைத்திருப்பது மின்சாரம் நின்ற நாளில் பயன்படாது.

நோய் என்பது ஒருவரின் அந்தரங்கம். தம் பெயரைச் சேர்ப்பதற்கு அவருடைய சம்மதத்தைப் பெற்றே சேர்த்தல் வேண்டும். பட்டியலை ஒலிபெருக்கியில் படிப்பதோ சுவரில் ஒட்டுவதோ தகாது. மகளுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கையில் தம் நோயைப் பிறர் அறியக்கூடாதென்று தயங்கிய குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அத்தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. அத்தகையோர் குறைந்தது செவிலியர் ஒருவரிடமேனும் சொல்லி வையுங்கள். ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

மழைக்காலம் தொடங்குமுன்: சிகிச்சைச் சுருக்கம், மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத உறையில் இடுங்கள். டயாலிசிஸ் செய்வோர் தம் உலர் எடையையும், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகளையும், இரத்தக் குழாய் இணைப்பு எந்தக் கையில் உள்ளது என்பதையும் அதில் எழுதி வைக்க வேண்டும். வேறொரு மையத்துக்குச் செல்ல நேர்ந்தால் அம்மருத்துவர்க்கு முதலில் தேவைப்படுபவை இவையே. எல்லா மருந்துகளும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருப்பில் இருக்கட்டும்.

எச்சரிக்கை வந்தவுடன்: அடுத்த முறைநாள் வரை காத்திராமல் டயாலிசிஸ் பிரிவைத் தொடர்புகொண்டு, முன்னதாகச் செய்துகொள்ள இயலுமா என்று கேளுங்கள். பொட்டாசியத்தைக் குறைக்கும் பொடியை மருத்துவர் தந்திருந்தால் அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தொலைவில் உள்ளவர்கள் நகரத்து உறவினர் வீட்டுக்கு வந்து தங்குவது நல்லது.

டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாட்களில்: நீரின் அளவை வழக்கத்தினும் குறைக்க வேண்டும். உங்களுக்குரிய அளவை இன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, பேரீச்சை, உருளைக்கிழங்கு, தக்காளி, புளி, கீரை, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றை அறவே விலக்குங்கள். கையில் கிடைத்த சத்துமாவையோ உப்புச் சர்க்கரைக் கரைசலையோ மருத்துவரைக் கேளாமல் அருந்தாதீர்கள். அக்கரைசலிலும் பொட்டாசியம் உண்டு. மூச்சுத் திணறலோ, தசைத் தளர்ச்சியோ, படபடப்போ தோன்றினால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108 ஐ அழையுங்கள். இணைப்பு கிடைக்காவிடில் பட்டியலில் உள்ளவரின் கதவைத் தட்டுங்கள்.

இன்சுலின் போடுவோர்: பயன்பாட்டில் உள்ள புட்டி, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் பொதுவாக நான்கு வாரங்கள் வரை கெடாது. திறவாத புட்டிகளை, ஈரமணல் நிரப்பிய பானைக்குள் வைத்த சிறு மண்கலத்தில், நீர் படாதவாறு உறையிட்டு வைக்கலாம். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைத்தலாகாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. உணவு கிடைப்பது உறுதியாகாத நாளில் வழக்கமான அளவை அப்படியே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். ஆனால் இன்சுலினை முற்றிலும் நிறுத்துவதும் ஆபத்தே. அத்தகைய நாளுக்குரிய அளவை முன்பே கேட்டறிந்து கொள்ளுங்கள். ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஆக்சிஜன் பயன்படுத்துவோர்: மின்சாரத்தால் இயங்கும் கருவிக்கு மாற்றாக ஒரு சிலிண்டர் தேவை. 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். அந்நேரத்துக்குள் ஜெனரேட்டர் உள்ள இடத்தை அடைய வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஜெனரேட்டரை ஓட்டுதல் கூடாது; அதன் புகை உயிரைப் பறிக்கும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

முகாமில் சமைப்போர்க்கு ஒரு வேண்டுகோள்

நிவாரணப் பொட்டலங்களில் புளிச்சோறும், தக்காளிச் சோறும், வாழைப்பழமும், ஊறுகாயுமே மிகுதி. அன்போடு தருவதை மறுக்க மனமின்றிச் சிறுநீரக நோயாளிகள் அதை உண்டுவிடுகின்றனர். நூறு பேருக்குச் சமைக்கும்போது, உப்புக் குறைத்த வெறுஞ்சோறோ இட்லியோ ஐந்து பேருக்குத் தனியே எடுத்து வைப்பது அரிதன்று. யாருக்கு அது வேண்டும் என்பதைப் பட்டியல் சொல்லும். நோயாளிகளும் கூச்சப்படாமல் கேட்டுப் பெறுங்கள்.

மழை ஓய்ந்த பின்

மீட்சி என்பது வெள்ளம் வடிந்த அன்றே முடிவதில்லை. தேங்கிய நீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலும் கடும் தசைவலியும் கண் சிவத்தலும் இருந்தால் உடனே சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலணியின்றிச் சேற்றில் இறங்காதீர்கள். நீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தே குடியுங்கள்.

இக்கட்டத்திலும் அமைப்புகளின் துணை வேண்டும். மின் இணைப்பைத் திரும்பத் தருகையில் ஆக்சிஜன் கருவியுள்ள வீட்டின் தெருவுக்கு முதலிடம் தருமாறு ஊராட்சி மின்வாரியத்தைக் கேட்கலாம். தவறிய சிகிச்சை நாட்களை ஈடுசெய்ய மருத்துவமனை இரவு நேரத்திலும் கருவிகளை இயக்கலாம். வேலையிழந்த பராமரிப்பாளர் ஒருவருக்குப் பேருந்துக் கட்டணமின்றிச் சிகிச்சை நின்றுபோகாதவாறு மகளிர் குழு துணை நிற்கலாம். கஜாவுக்குப் பின் சிலர் சிகிச்சையைக் கைவிட்டதற்குக் காரணம் சாலை அன்று. சாய்ந்துபோன தென்னைகளோடு வருமானமும் போயிற்று.

வீட்டில் பேசிப் பார்க்க மூன்று வினாக்கள்

இதை வாசித்து முடித்ததும் குடும்பத்தோடு அமர்ந்து பின்வரும் வினாக்களுக்கு விடை தேடுங்கள்.

நாளை காலை சாலையும் மின்சாரமும் கைபேசியும் இல்லையென்றால், நம் வீட்டு நோயாளியின் தேவை இவ்வூரில் நம்மைத் தவிர யாருக்குத் தெரியும்?

அடுத்த சிகிச்சை எத்தனை நாள் தள்ளிப்போகலாம், அதுவரை உண்ண வேண்டியதும் விலக்க வேண்டியதும் எவை?

அருகில் ஜெனரேட்டரும் உயரமான தரையும் உள்ள இடம் எது, அங்கே யாரைக் கேட்க வேண்டும்?

மூன்றுக்கும் விடை கிடைக்காவிடில் அஞ்ச வேண்டா. அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது எங்கள் செவிலியரிடம் சொல்லுங்கள். பட்டியலுக்கான தாளை அவரே உங்களோடு அமர்ந்து எழுதுவார். பின் அதை உங்கள் ஊர்ச் செவிலியரிடமும் ஊராட்சியிலும் நீங்களே கொண்டு கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள். அந்த அறிமுகம், புயல் நாளில் உங்கள் கதவைத் தட்டும் ஒருவரைத் தேடித் தரும். மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஒரு பெயரை எழுதுவதற்கு அது போதுமான காலமே.